அரை பாட்டில் தண்ணீர்

சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல். குளுகுளு மண்டபத்தில் ஒரு மகாநாடு. விஷயம் என்ன தெரியுமோ? சுற்றுச்சூழல் பாதுகாப்பு! நோட்டுப் புத்தகமும் கையுமாக நானும் போய் உட்கார்ந்தேன்.

காலைக் கூட்டம் கலைந்ததும் மேஜைகளைப் பார்த்தேன். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒரு வாய் குடித்து மூடி வைத்தவை சில. பாதியில் விட்டவை பல. சிப்பந்திப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். 2019-ஆம் வருஷத்துக் கோடை ஞாபகம் வந்தது. ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, மறந்துவிட்டீர்களா?

அதே வருஷம் ஜனவரியில்தான், ஒரு முறை உபயோகித்து எறியும் 14 பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. தண்ணீர்ப் பாக்கெட் அந்த ஜாபிதாவில் உண்டு, பாட்டில் இல்லை. ஆகவே ஹோட்டல்காரர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கூஜாவும் கண்ணாடித் தம்ளரும் வையுங்கள் என்று கேட்பாரில்லை, அவ்வளவுதான். 2009-ல் கோபன்ஹேகனில் நடந்த பருவநிலை மகாநாட்டில் குழாய்த் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள். பிரதிநிதிகளுக்குப் பரிசுப் பை கிடையாது. அந்தப் பணம் வெளிநாட்டு மாணவர்களின் படிப்புக்குப் போயிற்று. என் வீட்டுப் பரணில் மகாநாட்டுப் பைகள் ஏழு தூங்குகின்றன!

மண்டபத்தில் குளிர் வேறு. சித்திரை வெயிலில் வந்த ஓர் அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேடையில் இருந்தவர்களோ கோட்டும் டையுமாகச் சுகமாக இருந்தார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். ஜப்பானியர்கள் 2005-லேயே, “கோட்டையும் டையையும் கழற்றுங்கள், 28 டிகிரியில் வேலை செய்யுங்கள்” என்று இயக்கம் நடத்தினார்கள். நம் ஊரில் வேஷ்டியே இருக்கிறது!

புகைக் கணக்கில் அநேகமாக முதலிடம் விமானப் பிரயாணத்துக்குத்தான். காலையில் மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் சென்னை. கூட்டத்தை மாலையில் தொடங்கினால் என்ன?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மணிக்குப் பந்தி முடிந்தபோது, பாத்திரம் பாத்திரமாக பிரியாணியும் பனீரும் அப்படியே இருந்தன. மேற்பார்வையாளரை மெல்ல விசாரித்தேன்.

“ஐந்நூறு பேருன்னு எழுதிக் கொடுத்தாங்க, சார். வந்தது முந்நூத்து நாற்பது. எழுதிக் கொடுத்த எண்ணிக்கைக்குப் பணம் வந்துடும். நாங்க சமைக்காம இருக்க முடியுமா?”

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் பந்திக்குப் பந்தி இலையை எண்ணி, சமையல்காரருக்குச் சொல்லி அனுப்புவார். ஹோட்டல் கூட்டத்தில் அந்தப் பெரியவர் இல்லை. கோவையில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள், மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. ஆனால் காலாகாலத்தில் சொல்லி அனுப்ப வேண்டுமே! பல மணி நேரம் திறந்து கிடந்ததை யாருக்குக் கொடுப்பது? அது குப்பை மேட்டுக்குப் போய் மக்கி, மீத்தேன் வாயுவாகக் கிளம்பும். அந்த வாயுவைப் பற்றித்தான் காலையில் ஒருவர் அரை மணி நேரம் பேசினார்.

வாசலில் காரியதரிசியைப் பிடித்தேன். “முந்நூற்றைம்பது என்று எழுதியிருக்கக் கூடாதா, சார்?”

அவர் சிரித்தார். “நன்றாகச் சொன்னீர்கள்! ஐந்நூறு பேர் கூட்டம் என்று சொன்னால்தானே நீங்கள் வருவீர்கள்? வந்து பார்த்து, நாற்காலிகள் காலி என்று நீங்கள்தானே எழுதுவீர்கள்?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. போன வருஷம் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன்.