கைலியில் வாழும் பழவேற்காடு

மலேசியாவில் நம் சொந்தங்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். நம் பழவேற்காட்டின் பெயர்தான் அது. மரக்காயர்கள் கப்பலேற்றிய துணி, கிழக்கே கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றாகக் கைமாறியது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இந்தத் துணிக்காகவே. இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். டச்சுக் கல்லறைகளின் சிற்ப அழகை வியப்பவர்களுக்கு நாம் இதையும் சொல்ல வேண்டும். 1690இல் அவர்களுடைய தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது.

இன்று பிழைப்பு ஏரியில்தான். இறால், நண்டு; ஊர் முறைவைத்து வலைபோடும் 'பாடு'. நம் பெண்கள் பனையோலைக் கூடை முடைகிறார்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல்நீர் ஏறாது, இறால் குஞ்சு உள்ளே வராது. அந்த வருடம் வீட்டுக்கு வீடு கடன்தான்.