ஒரே கம்பியில் இரு பிணையங்கள்

120 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பளவுள்ள உணவகங்கள் வாடிக்கையாளர்களுக்கு அருகலை வசதி தர வேண்டுமெனக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2012இல் அறிவித்தது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாப்பிட வருபவரின் கைப்பேசியும் கல்லாவிலுள்ள கணினியும் அங்கே ஒரே இணைய இணைப்பைப் பயன்படுத்தக்கூடும்.

அருகலை என்பது கம்பியற்ற உள்ளகப் பிணையம். இதற்கான 802.11 தரநிலை 1997இல் வெளியானது. தரவுகள் வானொலி அலைகளாகச் செல்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையும் தாண்டும். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவதால், சமையலறைக்கு அருகில் இணைப்பு தடுமாறலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வாடிக்கையாளரின் கைப்பேசியில் நச்சுநிரல் இருந்தால், அது கல்லாக் கணினியையும் தாக்கலாம். இங்குதான் மெய்நிகர் உள்ளகப் பிணையம் உதவுகிறது. சுவிட்ச் எனும் கருவி, பொதுக் கம்பியில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஓர் எண்ணைச் சேர்க்கிறது. வாடிக்கையாளருக்கு 10, கல்லாவுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் எண் பொட்டலம் 20ஆம் பிணையத்துக்குள் நேரடியாக நுழையாது. இவ்வாறு 4,094 பிணையங்கள் வரை பிரிக்கலாம். உணவகத்திற்கு இரண்டே போதும். தனிக் கம்பி இழுக்கும் செலவும் இல்லை.

ஆனால், பிணையங்களுக்கு இடையே வழிவிடும் கருவி திசைவி. அதில் அந்த வழியை அடைக்காவிட்டால், எண்ணிட்டுப் பிரித்ததால் பயனில்லை.