வீழ்ந்தவருக்கே வெற்றி!

எதிராளியை அடித்து வீழ்த்துபவரே வெற்றியாளர் என்று எண்ணுவது இயல்பு. குத்துச்சண்டையில் அது சரியே. ஆனால் கராத்தேயில் வீழ்த்தியவர் தோற்று, மயங்கிக் கிடந்தவர் தங்கம் வென்றதும் உண்டு!

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதேயும் எதிரெதிரே நின்றனர். ஒலிம்பிக்கில் அதுவரை ஒரு தங்கமும் பெற்றிராத நாடு சவூதி. எனவே ஹாமிதியின் தோள்களில் இருந்த சுமை பெரிது.

வெற்றியைக் கணிக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். கையால் குத்தினால் 1 புள்ளி. உடலில் உதைத்தால் 2. தலையிலோ கழுத்திலோ உதைத்தால் 3. கீழே விழுந்த எதிராளி மீது முறையாகக் குத்தினாலும் 3 புள்ளிகள் உண்டு. துணை நடுவர்களுள் இருவரேனும் ஒரே வீரருக்குச் சைகை காட்டினால்தான் புள்ளி கிடைக்கும். ஆட்ட நேரம் 3 நிமிடம். அதற்குள் ஒருவர் 8 புள்ளிகள் முந்திவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். புள்ளிகள் சமமானால், முதலில் புள்ளி எடுத்தவருக்கே பொதுவாக முன்னுரிமை.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. அடி இலக்கை எட்ட வேண்டும். எதிராளிக்குக் காயம் விளைவிக்கக் கூடாது. வேகமும் வலிமையும் இருந்தும், தக்க இடத்தில் அதை நிறுத்தத் தெரிந்தவனே இங்கு வீரன். எல்லை மீறினால் எச்சரிக்கை. மீறல் கடுமையானால் தகுதி நீக்கம்.

அன்று ஹாமிதி 4-1 என முன்னிலையில் இருந்தார். அப்போது அவர் உயர வீசிய உதை கஞ்சாதேயைச் சாய்த்தது. நினைவிழந்த அவரைத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டு சென்றனர். நடுவர்கள் கலந்து பேசி, அளவுக்கு மீறிய தாக்குதல் எனக் கூறி ஹாமிதியைத் தகுதி நீக்கம் செய்தனர். அவர் கண்ணீர் விட்டார். அவருக்கு வெள்ளியே கிட்டியது. கண் விழித்த பிறகுதான் தாம் தங்கம் வென்றிருப்பதைக் கஞ்சாதே அறிந்தார்.

இத்தீர்ப்பு கடுமையானது என்று வாதிட்டோர் பலர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தலையில் உதைப்பதற்கே மிக உயர்ந்த புள்ளி தரும் ஆட்டத்தில், இந்த விதியும் இல்லையென்றால் எத்தனை இளைஞர்கள் நிலையான ஊனத்துடன் வீடு திரும்புவர்!

பிள்ளைகளைக் கராத்தே பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், "இன்று எத்தனை பேரை அடித்தாய்?" என்று கேட்க வேண்டாம். "கையையும் காலையும் உரிய இடத்தில் நிறுத்தக் கற்றாயா?" என்று கேளுங்கள். அக்கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.