ஸ்டீரியோ ஊமையானால்...

தலைப்பைப் பார்த்ததும், "இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரமாச்சே, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், தோழியரே. நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவள்தான். குக்கருக்கு கேஸ்கட் மாற்றுவேன், மிக்ஸி ஜாருக்கு வாஷர் போடுவேன். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஸ்டீரியோ பெட்டியைத் தூசி தட்டுவதோடு சரி.

1982-ல் என் மாமனாரின் தம்பி சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஜப்பான் செட் அது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இதைத்தான் ரிசீவர் என்கிறார்கள். வெள்ளி நிற முகப்பு, எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழ்கள், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகள், கூடவே ஒரு கேசட் டெக். மாமா இருந்தவரை அதன் கிட்டே யாரும் போகக்கூடாது. அவர் போன பிறகு அது அத்தையின் சொத்தாகிவிட்டது.

அத்தைக்கு 79 வயது. கண் அழுத்த நோய். இந்த நோயில் போன பார்வை போனதுதான், திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. காலையிலும் இரவிலும் தவறாமல் விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரம் அத்தைக்குத் தெரியாது. அவருக்கு நேரம் சொன்னது ரேடியோதான். காலைச் செய்தி முடிந்தால் மருந்து, அப்புறம் காபி. இரவு இன்ன நிகழ்ச்சி ஆரம்பித்தால் மருந்து, அப்புறம் படுக்கை. திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. அத்தையோ பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவர்.

2023 பொங்கலுக்கு முந்தின வாரம், வெள்ளையடித்து முடித்துச் சாமான்களை எல்லாம் இடத்தில் வைத்தோம். செட்டைப் போட்டால் விளக்கு எரிகிறது, முள் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. பண்டிகை வேலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். "அத்தை, மருந்து விட்டுக்கிட்டீங்களா?" என்றேன்.

"செய்தி முடியட்டும்னு உக்காந்திருக்கேம்மா" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் நாள் இரவு இரண்டு தடவை விட்டுக்கொண்டாராம். அதையும் அப்புறம்தான் சொன்னார்.

இவர் அன்றைக்கே அறுநூறு ரூபாய்க்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கி வந்தார். அரிசி அரிசியாகப் பொத்தான்கள். அத்தை ஒன்றை அழுத்தினால் வேறு எதற்கோ போய் நின்றது. பையன் தன் போனில் ரேடியோ வைத்துக் கொடுத்தான். தடவிப் பார்க்கக் குமிழ் இல்லாத கண்ணாடியை அவர் என்ன செய்வார்? சரி, நானே மருந்து விட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். "நீ விடறது சரிதாம்மா. ஆனா இத்தனை நாள் நானே விட்டுக்கிட்டிருந்தேன்ல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து, பத்துப் பன்னிரண்டு கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "மெயின் ஐ.சி. போயிடுச்சுக்கா. மூவாயிரத்தைந்நூறு ஆகும், கேரண்டி கிடையாது. வேணாம்னா ஐந்நூறு தர்றேன், விட்டுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ஓடாத பெட்டிக்கு ஐந்நூறு எதற்குத் தருகிறார் என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பவும் அதே ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலியால் எங்கள் மாடிப்படி ஏற முடியாது. போனிலேயே கேட்டார்.

"ஸ்டேஷன் வெக்கிறப்ப முள்ளு ஆடுதாம்மா?"

"ஆடுதுங்கய்யா."

"அப்ப ரேடியோ பாகம் உயிரோடதான் இருக்கு. போட்டு நாலஞ்சு செகண்டுல உள்ளே 'டிக்'னு ஒரு சத்தம் வருதா?"

வந்தது. அது ரிலே என்ற உறுப்பின் சத்தமாம். எல்லாச் செட்டிலும் இது இருக்காது. இருக்கிற செட்டில், உள்ளே கோளாறு இருந்தால் ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக ரிலே சேராமலே நின்றுவிடும். 'டிக்' வந்தால் பாதி பயம் விட்டது.

"கேசட் போட்டா பாடுதா?"

யார் போட்டுப் பார்த்தோம்? மாமா போனதிலிருந்து அந்த டெக்கை யாரும் தொடவில்லையே! ஒரு நாதஸ்வரக் கேசட்டைத் தேடிப் போட்டேன். இடது ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது! உள் அறையிலிருந்து அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

பெரியவர் சிரித்தார். "ஐ.சி. போயிருந்தா நாதஸ்வரம் எப்படிம்மா வரும்? 'டேப் மானிட்டர்'னு ஒரு பொத்தான் இருக்கும், பாரு. அமுங்கியிருக்கும்."

அமுங்கித்தான் இருந்தது. வெள்ளையடிப்புக்கு அப்புறம் என் பெண் ஈரத்துணியால் முகப்பை அழுத்தித் துடைத்தாள். அப்போது உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு தட்டு தட்டினேன். வெளியே வந்தது. ரேடியோ பேசியது.

இந்தப் பொத்தானைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரிசீவர்களில் ரொம்பப் பேரை ஏமாற்றுவது இதுதான். தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் தண்ணீரை நடுவில் ஃபில்டர் வழியாகத் திருப்ப ஒரு வால்வு வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். வால்வு ஃபில்டர் பக்கம் திரும்பியிருந்து, ஃபில்டரில் தண்ணீர் இல்லையென்றால் குழாயில் ஒரு சொட்டு வருமா? தொட்டி நிறைய இருந்தாலும் வராது. டேப் மானிட்டரும் அப்படித்தான். கேசட்டில் பதிவு செய்கிறவர்கள், பதிவாவது சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. அதை அழுத்திவிட்டால் செட் டெக்கிலிருந்து வருவதை மட்டுமே கேட்கும். டெக் ஓடவில்லை என்றால், டெக்கே இல்லை என்றால், ரேடியோவும் பேசாது, ரெக்கார்டு பிளேயரும் பாடாது.

ஆனால் வலது பக்கம் இன்னும் ஊமைதான். பேலன்ஸ் குமிழ் நடுவில்தான் இருந்தது. பெரியவர் செட்டை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பின்னால் இருக்கும் வலது ஸ்பீக்கர் வயர் இரண்டையும் கழற்றி, அந்த நுனிகளை ஒரு பென்சில் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுக்கச் சொன்னார். 'டொக்' என்றது பெட்டி. அப்படியானால் ஸ்பீக்கரும் வயரும் நன்றாக இருக்கின்றன, செட்டில் சேர்கிற இடத்தில்தான் கோளாறு. நுனி பச்சை பிடித்துக் கறுத்திருந்தது. அதை வெட்டிவிட்டு, புதிதாக அரை அங்குலம் உறையை உரித்து, நன்றாக முறுக்கிச் சொருகினேன். பாடியது! இதில் ஒரு எச்சரிக்கை. ஒற்றைக் கம்பி இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் அப்போதுதான் நிஜமாகவே உள்ளே எரியும்.

என் கதை இத்தோடு முடிந்தது. உங்கள் வீட்டுச் செட்டில் வேறு காரணம் இருக்கலாம். 'ஸ்பீக்கர்ஸ் ஏ, பி' என்று ஒரு குமிழோ பொத்தான்களோ இருக்கும். இரண்டும் அணைந்திருந்தால் சத்தம் வராது. சில செட்டுகளில் இரண்டும் சேர்ந்து போட்டிருந்து, 'பி'யில் ஸ்பீக்கர் மாட்டவில்லை என்றாலும் வராது. அதனால் 'ஏ' மட்டும் போட்டுப் பாருங்கள். ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் இந்தப் பொத்தானையும் வயரையும்தான் சந்தேகப்பட வேண்டும். சில செட்டுகளின் பின்னால் ஹேர்பின்னை மடித்த மாதிரி இரண்டு உலோகத் துண்டுகள் சொருகியிருக்கும். அது அலங்காரம் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் இணைப்பதே அதுதான். குழந்தைகள் பிடுங்கி விளையாடிவிட்டால் செட் ஊமைதான்.

விளக்கே எரியவில்லையா? முதலில் அந்தப் பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். பின்னால் வோல்டேஜ் மாற்றும் திருகு இருந்தால் அது 220 அல்லது 240-ல் நிற்க வேண்டும். சவுதியில் அந்த நாளில் 127 வோல்ட் மின்சாரம் இருந்த ஊர்கள் உண்டு. அங்கே வைத்தபடியே இங்கே மாட்டினால் புகைதான். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். சாக்லேட் பேப்பர் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். அப்புறம், ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்த செட்டுகளில் எஃப்.எம். 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். நம் ஊர் நிலையங்கள் அதற்கு மேலே இருப்பதால் எவ்வளவு திருகினாலும் கிடைக்காது. அது ரிப்பேரே இல்லை.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருபது முப்பது தடவை திருகுங்கள். உள்ளே படிந்த களிம்பு ஓரளவு விலகும். தேங்காயெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தூசியைப் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே ஸ்பிரே உண்டு. மெக்கானிக் திறந்து அடிக்கட்டும்.

திறக்கிற வேலை நமக்கு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 'டிக்' சத்தம் வரவில்லையா? செட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், அல்லது கருகல் வாசனையோ பெரிய உறுமலோ வந்தால், உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். ஆனால் முதலில் மூடியைத் திறந்து பார்க்கிற மெக்கானிக்காகப் பாருங்கள்! பல வருஷம் பரணில் கிடந்த செட் என்றால், ஒரு குண்டு பல்பை நடுவில் சேர்த்து மெதுவாக உயிர் கொடுப்பார்கள். அதை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.

எங்கள் செட்டில் டேப் மானிட்டர் பொத்தானின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். விரல் பட்டதும் தெரியும். போன வாரம் என் பெண் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது அத்தை ஊஞ்சலிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏய், பிளாஸ்திரி பொத்தான் பக்கம் போகாதே. எனக்கு ராத்திரி மருந்து இருக்கு!"