ஐயம் உணர்த்தும் ஆங்கிலச் சொற்கள்

ஒரு செய்தியை முழுதும் ஏற்கவோ மறுக்கவோ இயலாத மனநிலையைக் குறிப்பவை ஐயம் உணர்த்தும் சொற்கள். ஆங்கிலத்தில் டவுட், சஸ்பெக்ட், டவுட்ஃபுல், டியூபியஸ் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழில் இவற்றுக்குப் பெரும்பாலும் 'சந்தேகம்' என்றே பொருள் கூறப்படுகிறது. ஆனால் இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. சில இடங்களில் நேர் எதிரான பொருளைத் தருகின்றன.

சொல் வரலாறு

டவுட் என்பது 'துபிதாரே' என்னும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இது 'இரண்டு' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லோடு தொடர்புடையது. இரு முடிவுகளுக்கு இடையே மனம் ஊசலாடுவதே இதன் அடிப்படை. இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் 'பி' என்ற எழுத்தின்றி எழுதப்பட்டது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னர் அவ்வெழுத்து சேர்க்கப்பட்டது. அதனால்தான் அது இன்றும் ஒலிக்கப்படுவதில்லை.

டவுட், சஸ்பெக்ட் வேறுபாடு

ஒன்று நடந்திருக்காது என்ற பக்கம் மனம் சாய்ந்தால் டவுட். நடந்திருக்கும் என்ற பக்கம் சாய்ந்தால் சஸ்பெக்ட்.

'ஐ டவுட் தட் ஹி டுக் த மணி' என்றால், அவன் பணத்தை எடுத்திருப்பான் எனத் தோன்றவில்லை என்று பொருள். 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி டுக் த மணி' என்றால், அவன்தான் எடுத்திருப்பான் என்று பொருள். முன்னது ஒருவனைக் காப்பது. பின்னது அவன்மேல் பழி சுமத்துவது. சொல் மாறினால் சாட்சியே தலைகீழாகிவிடும்.

இதை நினைவில் கொள்ளத் தமிழ் வாக்கிய அமைப்பே உதவும். 'அவன் எடுத்தான் என்று சந்தேகிக்கிறேன்' என 'என்று' வந்தால் சஸ்பெக்ட். 'மழை வருமா என்பது சந்தேகம்' என வினா எழுத்தாகிய 'ஆ' வந்தால் டவுட். இவ்விடத்தில் டவுட் என்பதை அடுத்து 'வெதர்' அல்லது 'இஃப்' வருவதும் பொருத்தமே.

சஸ்பெக்ட் பெயர்ச்சொல்லாகும்போது, 'சந்தேகத்திற்கு உரியவர்' எனப் பொருள்படும். அப்போது முதல் அசையும், வினையாகும்போது இரண்டாம் அசையும் அழுத்தம் பெறும்.

டவுட்ஃபுல், டியூபியஸ்

இரண்டும் உறுதியின்மையைக் குறிப்பவை. எனினும் டியூபியஸ் என்பதில் 'நம்பத்தகாதது' என்ற குறிப்பு அடிக்கடி கலந்திருக்கும். முடிவு தெரியாத ஆட்டத்தை டவுட்ஃபுல் எனலாம். உழைக்காமலே பணம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டும் திட்டத்திற்கு டியூபியஸ் பொருந்தும்.

தொடர்கள்

'நோ டவுட்' என்பது பார்வைக்கு முழு உறுதிபோல் தோன்றினாலும், பல இடங்களில் 'பெரும்பாலும் அப்படித்தான்' என்ற அளவிலேயே நிற்கும். முழு உறுதிக்கு 'வித்அவுட் டவுட்' ஏற்றது. 'பெனிஃபிட் ஆஃப் த டவுட்' என்பது, 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தல்' என நீதிமன்றச் செய்திகளில் தமிழிலும் வழங்குகிறது.

'ஐ ஹேவ் எ டவுட்'

இந்திய வகுப்பறைகளில் கேள்வி கேட்க விரும்பும் மாணவர் இவ்வாறு கூறுவது இயல்பு. இந்திய ஆங்கிலத்தில் இதில் தவறு காண்பாரில்லை. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ கேட்பவர், 'நான் சொன்னதை இவர் நம்பவில்லை போலும்' என்று எண்ணக்கூடும். அங்கு 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்பதே தக்கது.

இவ்வேறுபாடு தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. நன்னூல் கூறும் ஆறு வினாக்களுள் அறியாவினாவும் ஐயவினாவும் தனித்தனியானவை. 'இக்கணக்கை எப்படிச் செய்வது?' என்பது அறியாவினா. 'அங்கே நிற்பது மரமா, மனிதனா?' என்பது ஐயவினா. மாணவர் வகுப்பில் கேட்பது பெரும்பாலும் அறியாவினாவே. அதற்குரிய ஆங்கிலச் சொல் கொஸ்டின். ஐயவினாவுக்கு உரியதே டவுட்.