கௌதாரி கூப்பிட்டா இன்னொரு கௌதாரி ஏன் வருது? கரிசல்காட்டு ‘பார்வை’ வேட்டையும் கையில் இருக்கும் செல்போனும்

கூண்டுக்குள் ஒரு கௌதாரி. கூண்டைச் சுற்றித் தரையோடு தரையாக நைலான் கண்ணி. பொழுது விடியும் நேரத்தில் கூண்டுக்குள் இருப்பது கத்த ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வேலிக்கருவைப் புதரிலிருந்து இன்னொரு கௌதாரி பதில் கொடுக்கும். அப்புறம் ஓடி வரும். சண்டைக்குத்தான். காலில் கண்ணி இறுகியதும் கதை முடிந்தது.

இதில் துப்பாக்கி இல்லை, நாய் இல்லை, துரத்தலும் இல்லை. இரையே வேட்டைக்காரனைத் தேடி வருகிறது. யூடியூபில் ‘கௌதாரி வேட்டை’ என்று தேடினால் இந்த மாதிரி வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். சிலவற்றில் கூண்டுப் பறவைகூட இருக்காது. ஒரு போன், ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர், டவுன்லோடு செய்த ஒரு குரல். அவ்வளவுதான்.

சாத்தூர், வெம்பக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி என்று விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பறவையைத் தெரியாமல் இருக்காது. தெரியவில்லை என்றாலும் குரலைக் கேட்டிருப்பார்கள். மழை குறைவான கரிசல், அறுவடை முடிந்த காடு, கண்மாய்க் கரை முள்ளு, பட்டாசு ஆலை வேலிகளுக்கு வெளியே கிடக்கும் தரிசு: கௌதாரிக்கு இதுதான் சொர்க்கம். பறக்கத் தெரியும், ஆனால் பறப்பதைவிட ஓடுவதைத்தான் நம்பும்.

இதன் அறிவியல் பெயரில் ‘பாண்டிச்சேரி’ இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ். 1789-இல் இதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்த விவரம் புதுச்சேரியிலிருந்து போனது. வடக்கே இதன் பெயர் ‘தீதர்’. அது இந்தப் பறவையின் கத்தலிலிருந்தே வந்த பெயர்.

குரலுக்கு ஏன் மயங்குது?

மயக்கம் இல்லை, கோபம். அதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஒவ்வொரு கௌதாரி ஜோடிக்கும் ஒரு எல்லை உண்டு. இந்த வரப்பிலிருந்து அந்தப் புதர் வரைக்கும் எங்களுடையது என்ற கணக்கு. அதை வேலி போட்டுக் காக்க முடியாது, குரலால்தான் காக்க முடியும். காலையில் கேட்கும் அந்தச் சத்தம் ‘இங்க ஆள் இருக்கு, வராதே’ என்ற போர்டு. அந்த எல்லைக்கு நடுவில் திடீரென்று ஒரு புதுக் குரல் கேட்டால் சொந்தக்காரப் பறவைக்கு இரண்டே வழி. விட்டுக்கொடுத்துப் போகலாம், அல்லது நேரில் போய் விரட்டலாம். முட்டையும் குஞ்சும் இருக்கும் நேரத்தில் எது விட்டுக்கொடுக்கும்?

ஆண் கௌதாரியின் காலில் கூர்மையான முள் இருக்கும். சண்டைக்கான ஆயுதம் அது. அந்தக் காலோடுதான் கண்ணிக்குள் வருகிறது.

அமெரிக்காவில் இதே உத்தியை வாப்பிட்டி மானிடம் பயன்படுத்துகிறார்கள். அங்கே இதன் பெயர் எல்க். செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை இணை சேரும் பருவம். ஒரு பெரிய ஆண், பெண் மான்களைக் கூட்டமாகத் திரட்டி வைத்துக்கொண்டு, கிட்டே வரும் மற்ற ஆண்களைப் பார்த்து நீளமாகக் கூவும். வேட்டைக்காரர்கள் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் ஒரு சவ்வுத் துண்டை வைத்து, குழாய் வழியாக அதே கூவலைப் போடுவார்கள். சில நேரம் பெண் மானின் மெல்லிய குரலையும் போடுவார்கள். முதலாவது போட்டிக்காரன் வந்துவிட்டான் என்ற செய்தி, இரண்டாவது துணை காத்திருக்கிறது என்ற செய்தி. இரண்டில் ஒன்று வேலை செய்யும்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே அது லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட வேட்டை. அப்படி இருந்தும் மான் வேட்டையில் ரெக்கார்டு செய்த குரலைப் போடக் கூடாது என்று பல மாநிலங்கள் தடை வைத்திருக்கின்றன. வாயால் ஊது, ஸ்பீக்கரில் போடாதே. இந்தியாவில் அந்த மானுக்கு நெருங்கிய சொந்தம் காஷ்மீரின் ஹங்குல். தச்சிகாம் தேசியப் பூங்காவில் இலையுதிர் காலத்தில் அதுவும் இப்படித்தான் கத்தும். அதைச் சுட இங்கே யாருக்கும் லைசென்ஸ் கிடையாது.

‘பார்வை’ என்றால் வெறும் பார்வை இல்லை

இந்த உத்தி நமக்கு இறக்குமதி இல்லை. பழந்தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: பார்வை. ஒரு விலங்கையோ பறவையையோ பழக்கி, அதைக் காட்டி அதன் இனத்தையே பிடிப்பது. அப்படிப் பழக்கிய மானுக்குப் பார்வை மான் என்று பெயர். நற்றிணையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் இந்தச் சொல் இதே பொருளில் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு.

முகலாயர் காலத்தில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. அக்பரின் ஆட்சியைப் பதிவு செய்த ஐன்-இ-அக்பரி அதை விவரிக்கிறது. பழக்கிய ஆண் வெளிமானின் கொம்பில் சுருக்கு கட்டி, காட்டு மான் கூட்டத்துக்கு முன்னால் விடுவார்கள். கூட்டத்தின் ஆண் சண்டைக்கு வரும். கொம்போடு கொம்பு மோதும்போது சுருக்கு மாட்டிக்கொள்ளும். கௌதாரிக் கூண்டும் அந்தக் கொம்புச் சுருக்கும் ஒரே கணக்குதான்.

ஜிம் கார்பெட்டும் குரலை நம்பியிருக்கிறார். 1938 நவம்பர் கடைசியில், குமாயூன் மலையில் தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் பெண் புலியை, ஆண் புலி மாதிரி குரல் கொடுத்தே இருட்டும் நேரத்தில் தன் பக்கம் வரவழைத்தார். அந்தப் புலி ஆட்களைக் கொன்றது. கௌதாரி கொல்வது கரையானையும் பூச்சியையும்தான், அதுவும் விவசாயிக்கு லாபம்.

தமிழ்நாட்டில் குரல் வேட்டை என்றதும் பலரும் உடனே நரிக்குறவர் பக்கம் கை காட்டுவார்கள். நரி மாதிரி ஊளையிட்டு நரியையே வரவழைக்கும் அவர்களது திறமை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவானது. உண்மைதான். ஆனால் 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபோது அவர்களது பிழைப்பு ஒரே இரவில் குற்றமானது. அதற்குப் பதில் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது. பாசிமணியும் ஊசியும்தான் மிச்சம். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். இன்று ஆயிரக்கணக்கில் வியூஸ் வாங்க பைக்கில் போய் கண்ணி வைத்து ரீல்ஸ் போடுகிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒரு பறவைதானே, என்ன ஆகிடும்?

வழக்கமாக வரும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

வலை வீசிப் பிடித்தால் எது மாட்டும் என்று சொல்ல முடியாது. குரல் வேட்டை அப்படி இல்லை. பதில் சொல்லி நெருங்கி வருவது பெரும்பாலும் எல்லை பிடித்து, ஜோடி சேர்ந்து நிற்கும் பறவை. அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருக்கும் பறவை. எந்த நேரத்தில் அது அதிகமாகக் கத்துகிறதோ, அந்த நேரம்தான் வேட்டைக்கும் சுலபம். தரையில், புல்லுக்கு நடுவில், சின்னப் பள்ளத்தில் முட்டையிடும் இனம் இது. நாய், பூனை, கீரி, பாம்பு எல்லாவற்றிடமிருந்தும் தப்ப வேண்டும். அதற்கு மேல் மனிதனும் வந்தால், அந்த வரப்பு அமைதியாகிவிடும்.

ஸ்பீக்கர் விஷயத்தை இன்னும் மோசமாக்குகிறது. கூண்டுப் பறவைக்குப் பசிக்கும், களைக்கும், ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஸ்பீக்கருக்கு சார்ஜ் இருந்தால் போதும். காடைகளை இப்படி மொத்தமாகப் பிடிப்பது எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் பெரிய பிரச்னை. வலசை வரும் பறவைகள் ரெக்கார்டு குரலைக் கேட்டு வலைக்குள் இறங்குகின்றன. ஐரோப்பிய நாடுகள் இதை முன்பே பார்த்துவிட்டன. 1979-லேயே அவர்களது பறவைகள் பாதுகாப்புச் சட்டம், தடை செய்த வேட்டைக் கருவிகளின் பட்டியலில் கண்ணியோடு சேர்த்து டேப் ரெக்கார்டரையும் எழுதி வைத்தது. கண் குருடாக்கிய, உறுப்பு சிதைத்த பறவையைப் பார்வையாக வைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அதுவும் நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சட்டம் என்ன சொல்லுது?

சுருக்கமாக: எல்லாமே தப்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். முயற்சி செய்தாலே வேட்டைதான். ஆகவே ‘ஒண்ணும் மாட்டல சார், சும்மா போட்டுப் பார்த்தோம்’ என்பது தப்பிக்கும் வழி அல்ல.

2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணையில் கௌதாரி இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சிறை 3 ஆண்டுகள் வரை, அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. முன்பு இந்த அபராத வரம்பு 25 ஆயிரம். மயில் முதல் பட்டியல். அதில் சிறையே குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7. வேட்டைக்குப் பயன்படுத்திய பைக், போன், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வனத்துறை பறிமுதல் செய்யலாம். இஎம்ஐ பாக்கி இருந்தாலும்.

மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கவனம் இன்னும் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988 முதலே இருக்கிறது. அதையும் மேகமலையையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது. வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத் தோப்பில் நின்று கண்ணி வைப்பவருக்கு, காப்பக எல்லை எத்தனை அடி தூரம் என்பது தெரியாமல்கூட இருக்கலாம். வழக்கு எழுதுபவருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். கௌதாரியைக் கூண்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்தான். ‘தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கு’ என்று கிராமங்களில் சாதாரணமாகச் சொல்வார்கள். நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தடையாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாத்தா வைத்திருந்த கௌதாரி இன்றைக்கு உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

ஹோட்டல் மெனுவில் இருக்கே?

அது பண்ணைக் காடை. ஜப்பானியக் காடை இனத்திலிருந்து வந்தது. சென்னை நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம்கூட இருக்கிறது. அதைச் சாப்பிடுவதில் பிரச்னை இல்லை. ஆனால் ரோட்டோரக் கடையில் யாராவது ரகசியமாக ‘காட்டு காடை, கௌதாரி இருக்கு’ என்று சொன்னால், அது வாங்குபவருக்கும் சேர்த்து வரும் வழக்கு.

பறவை பார்க்கப் போறவங்களும் கொஞ்சம் யோசிக்கணும்

வேட்டைக்காரர்களைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். வீக்கெண்டில் கேமராவோடு போகும் ஐடி ஊழியரின் போனில் இருப்பதும் அதே குரல்தான். மெர்லின் ஆப் குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்கிறது. அது அருமையான வசதி. பிரச்னை அந்தக் குரலைத் திருப்பிப் போடும்போது தொடங்குகிறது. ஆறுமணிக்குருவி ஒரு ஃப்ரேமுக்கு வரட்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டால், அந்தப் பறவை இல்லாத எதிரியைத் தேடிப் பத்து நிமிடம் அலைகிறது. கூடு கட்டும் நேரமாக இருந்தால் முட்டையை விட்டுவிட்டு அலையும். கண்ணி இல்லை என்பதைத் தவிர வித்தியாசம் குறைவு.

உலகெங்கும் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கும் செனோ-கான்டோ தளம், பிடிபடும் ஆபத்துள்ள சில பறவைகளின் குரலைப் பொதுவில் கேட்க விடுவதில்லை. ஈபேர்டும் அப்படிப்பட்ட சில இனங்களின் இருப்பிடத்தை மறைத்துக் காட்டுகிறது. கௌதாரி இன்னும் பரவலாக இருப்பதால் அந்தப் பட்டியல்களில் வரும் பறவை அல்ல. ஆனால் 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, புல்வெளி, தரிசு போன்ற திறந்த நிலங்களை நம்பும் பறவைகள் குறைந்துவருவதாகச் சொல்கிறது. கரிசல் தரிசும் அந்த வகை நிலம்தான். அதே அறிக்கையில் மயில் பெருகியிருக்கிறது. மக்காச்சோளம் போட்ட சம்சாரிகளிடம் கேட்டால் அறிக்கை இல்லாமலே சொல்வார்கள்.

கண்ணியையோ கூண்டுப் பறவையையோ பார்த்தால், நீங்களே அவிழ்த்துவிடப் போக வேண்டாம். இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டு, ஒரு போட்டோவோடு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ, 112-க்கோ சொல்லலாம். வீடியோவாகப் பார்த்தால் அதன் லிங்க், சேனல் பெயர், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முதலில் சேமித்துவிட வேண்டும். கமெண்டில் போய்ச் சண்டை போட்டால் முதலில் நடப்பது அந்த வீடியோ டெலீட் ஆவதுதான், அதோடு ஆதாரமும் போய்விடும்.