சொன்னதைச் சொல்லுமா கிளிப்பிள்ளை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

கிளியை அறியாத தமிழர் இல்லை. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு நாள்தோறும் புதிதாக இலைகளால் செய்து சாத்தப்படும் கிளி. மரத்தடிச் சோதிடரின் கூண்டிலும் கிளி. பொருள் தெரியாமல் ஒப்புவிக்கும் மாணவனைச் ‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. உண்மையில் கிளி சொன்னதை மட்டுந்தான் சொல்கிறதா? ஏன் சொல்கிறது? எட்டு ஆண்டுகள் ஒரு கிளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன் என்ற முறையிலும், விலங்கியல் பயில்பவன் என்ற முறையிலும் இதனைச் சிறிது விளக்க முயல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கிட்டு

பட்டுப்போன தென்னை ஒன்றை என் தந்தையார் வெட்டிச் சாய்த்தபோது அதன் பொந்தில் இரண்டு கிளிக்குஞ்சுகள் இருந்தன. ஒன்று மறுநாளே இறந்துவிட்டது. மற்றொன்றை அம்மா பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊட்டிப் பிழைக்க வைத்தார். கிட்டு என்று பெயரிட்டோம். நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் செந்தார்ப் பைங்கிளி இனத்தைச் சேர்ந்தது அது. மூன்றாம் ஆண்டில் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்புமாக வளையம் தோன்றிய பிறகே அது ஆண் என்று தெரிந்தது. பெண்ணுக்கு அவ்வளையம் இல்லை.

பேச்சு வருவதற்கு வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பாட்டி. பச்சை மிளகாய் கொடுக்கச் சொன்னார் மாமா. மிளகாயைக் கிட்டு கண் கலங்காமல் கடித்துத் தின்றதைத் தெருவே வியந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. மிளகாயின் காரத்திற்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். அது நம் நரம்புகளைத் தூண்டுவதுபோல் பறவைகளின் நரம்புகளைத் தூண்டுவதில்லை. மிளகாய்க்கும் பேச்சுக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

வசம்பினாலும் மிளகாயினாலும் வராத பேச்சு ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் தானாகவே வந்தது. “படிச்சியா?” என்றது கிட்டு. எழுத்தறியாத என் அம்மா நாள்தோறும் அந்நேரத்தில் என்னைக் கேட்கும் கேள்வி அது. குரலும் அம்மாவின் குரலே. நான் திடுக்கிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

பேசும் கருவி எது?

நமக்கு ஒலி பிறப்பது தொண்டையிலுள்ள குரல்நாண்களில். கிளிக்குக் குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், மார்பின் உள்ளே, சிரிங்க்ஸ் என்னும் ஒலியுறுப்பு இருக்கிறது. அங்கே பிறக்கும் ஒலியைத் தடித்த நாக்கு உருவாக்குகிறது. நாக்கு சிறிதே இடம் மாறினாலும் ஒலியின் தன்மை மாறிவிடுகிறது என்பது 2004-ஆம் ஆண்டில் ஒரு கிளியினத்தில் செய்த ஆய்வில் தெரியவந்தது. நாமும் உயிரெழுத்துகளை வேறுபடுத்துவது நாக்கை நகர்த்தித்தானே!

கருவி மட்டும் போதாது. கேட்டுக் கற்கும் மூளையும் வேண்டும். வேறு சேவலின் குரலையே கேளாமல் வளர்ந்த சேவலும் கூவும். அது பிறவியிலேயே வந்தது. கேட்டுக் கற்கும் திறன் பறவைகளில் கிளிகள், பாடும் பறவைகள், ஓசனிச்சிட்டுகள் ஆகிய மூன்று கூட்டங்களில் நன்கு அறியப்பட்டுள்ளது. கற்பதற்கான மூளைப் பகுதிகளைச் சுற்றி, கிளிகளுக்கு மட்டும் மேலும் ஓர் அடுக்கு உண்டு என்பதை 2015-இல் ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஏன் பேசுகிறது?

இத்திறன் மனிதரோடு பேசுவதற்காக ஏற்பட்டதன்று. கிளி கூட்டமாக வாழும் பறவை. இலைகளுக்கிடையே ஒன்றையொன்று காண முடியாதபோது, “நான் இங்கே, நீ எங்கே?” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெனிசுவேலா நாட்டுச் சிறுகிளிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பொலி இருப்பதையும், குஞ்சுகள் அதைப் பெற்றோரிடமிருந்து கற்பதையும் 2011-இல் கண்டறிந்தனர். நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போன்றதே இது.

கூண்டுக் கிளிக்கு அக்கூட்டம் இல்லை. எனவே வீட்டாரையே கூட்டமாகக் கொண்டு, அவர்களுடைய ஒலியால் அவர்களை அழைக்கிறது. இதை வகுப்பில் கேட்ட அன்று எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் விடுதிக்கு வந்த பிறகு, மாலையானால் கிட்டு மணிக்கணக்கில் “படிச்சியா? படிச்சியா?” என்று கத்துவதாக அம்மா சொல்லியிருந்தார். தொலைபேசியில் என் குரல் கேட்டால் அடங்குமாம். தன் மார்பு இறகுகளையே பிடுங்கிப் போடவும் தொடங்கியிருந்தது. தனிமையில் வாடும் கிளிகள் இவ்வாறு செய்வதுண்டு. அது கேட்டது “படிச்சியா?” என்றன்று, “எங்கே இருக்கிறாய்?” என்று. அம்மாவும் இத்தனை நாளும் அதைத்தான் கேட்டாரோ என்று தோன்றியது.

கிளியின் அறிவு எத்துணை என்பதற்கு அலெக்ஸ் சான்று. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க அறிவியலார் 1977-இல் வாங்கி வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அது. பொருள்களின் பெயர், நிறம், வடிவம் ஆகியவற்றைச் சொல்லும். ஆறு வரை எண்ணும். 2007-இல் இறந்தது. அதற்குக் கற்பிக்க முப்பது ஆண்டுகள் மனிதர்கள் உடனிருந்தார்கள். எந்தக் குடும்பத்தால் அவ்வாறு இருக்க முடியும்? செந்தார்ப் பைங்கிளி வளர்ப்பில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதற்குள் பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் வெளியூர் போய்விடுகிறோம்.

சட்டமும் வீடும்

இன்னொன்றும் அன்றுதான் அறிந்தேன். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி செந்தார்ப் பைங்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது.

வீட்டில் சொன்னேன். “பறக்கத் தெரியாத பிள்ளையை எங்கேடா கொண்டுபோய் விடுவே?” என்றார் அம்மா. அவர் கேட்டது நியாயமே. கூண்டில் வளர்ந்த கிளியைத் திடீரென்று திறந்துவிட்டால் இரை தேடத் தெரியாமலும், காக்கைக்கும் பூனைக்கும் தப்பத் தெரியாமலும் மடிந்துபோகும். அப்பா சிறிது நேரம் பேசாதிருந்து, “தெரியாமே வளர்த்தோம். தெரிஞ்ச பிறகும் வச்சிருக்கலாமா?” என்றார்.

சென்ற தை மாதத்தில் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். மற்றக் கிளிகளோடு பெரிய கூண்டில் விட்டுப் பழக்குவதாகவும், சிறகு வலுத்தால் வெளியே விடுவதாகவும், இல்லையேல் தன் இனத்தோடு அங்கேயே இருக்கும் என்றும் கூறினார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு இல்லை.

கிளி வளர்க்க விரும்பும் நண்பர்கள் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம் ஊரில் விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அவற்றை வளர்க்கத் தடையில்லை. அவற்றையும் துணையின்றித் தனியே வைக்கலாகாது.

கிளியின் பேச்சைக் கேட்க ஆசையா? மாலை ஐந்தரை மணிக்கு நம் கல்லூரி வாயிலிலுள்ள அரசமரத்தடியில் நில்லுங்கள். பச்சைக் கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே வந்து அடையும். வெறும் இரைச்சல் என்று முன்பு நான் காதைப் பொத்தியதுண்டு. இப்போது நின்று கேட்கிறேன். வந்தாயிற்றா என்று ஒன்று கேட்க, வந்துவிட்டேன் என்று மற்றொன்று சொல்லுகிறது.